ஐந்தாம் நம்பர் வீடு

எங்கள் அப்பா முதல் ஷிப்டில், துணி வெட்டும் மேஜைக்குப் பக்கத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்தார். வேலையில் இருக்கும்போது செத்ததால்தான் எங்களுக்கு ஒரு வேலை கிடைத்தது. ஓய்வு பெற்ற மறுவாரம் செத்திருந்தால் ஒரு மாலையோடு போயிருக்கும். ஆவடியில், பட்டாளத்துக்கு உடுப்புத் தைக்கும் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் வளர்ந்த எல்லாருக்கும் இந்தச் சட்டம் பாலபாடம். துக்கம் கேட்க வந்தவர்கள் அப்பாவைப் பார்த்து ஒரு பாட்டம் அழுதுவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டே, வேலையை எந்தப் பையனுக்குப் போடப் போகிறீர்கள் என்று அம்மாவைக் கேட்டார்கள். அப்பாவை இன்னும் குளிப்பாட்டக்கூட இல்லை.

பையன்கள் இரண்டு பேர். அண்ணனுக்கு இருபத்திரண்டு வயது, எனக்குப் பத்தொன்பது. ஒருவன்தான் சேரலாம். மற்றவன் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று ஆபீஸில் கிளார்க் முன்னால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு பேரும் சண்டை போட்டு இழுத்தடித்தால் வேலையும் போகும், குவார்ட்டர்ஸும் போகும். யார் சேருவது என்று நாங்கள் எப்படி முடிவு செய்தோம் என்பதை இதுவரை வெளியாள் யாரிடமும் நான் சொன்னதில்லை. பிளாஸ்டிக் சிப்பாய்களை மேஜையில் நிறுத்தி ஒரு ஆட்டம் ஆடினோம். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். அன்றைக்கு எங்களுக்கு அது சிரிப்பாக இல்லை.

அந்த ஆட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் அண்ணன். ஒன்பதாவது படிக்கும்போது மார்க்கெட் பக்கத்துப் பழைய பேப்பர் கடையில் அட்டை கிழிந்த வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று அவன் கண்ணில் பட்டது. நாலு பக்கத்துக்குப் படங்கள். பெரிய மேஜை, அதில் மண் ரோடு, குட்டி வீடுகள், விரல் உயரத்துக்குச் சிப்பாய்கள். சுற்றி நின்று அவற்றை நகர்த்துகிறவர்கள் தாடியும் தொப்பையுமாக இருந்த பெரிய ஆட்கள். சம்பாதிக்கிற மனுஷர்கள் இப்படி விளையாடுகிறார்களா என்பதில்தான் அண்ணன் விழுந்துவிட்டான். டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு ஒரு மாதம் எழுத்தெழுத்தாகப் படித்தான். ஏதோ ஒரு வெயில் தேசத்தில், கிராமத்துக்குள் ஒளிந்திருக்கும் கலகக்காரர்களைப் பட்டாளம் வீடு வீடாகத் தேடுவதுதான் ஆட்டம். பகடை உண்டு, அடி ஸ்கேல் உண்டு, விதிகள் ஏராளம். கடைசிப் பக்கத்தில் பாதியை எலி தின்றிருந்தது. எலி தின்ற விதிகளை அண்ணன் தானே எழுதிக்கொண்டான்.

சிப்பாய்களுக்குத் திருவேற்காட்டில் ஆடி மாதம் போடும் கடைகள் இருந்தன. பச்சை பிளாஸ்டிக்கில், ஓரமெல்லாம் பிசிறு தள்ளிக்கொண்டு, பாக்கெட் பாக்கெட்டாகத் தொங்கும். அதில் பன்னிரண்டு பேரைப் பொறுக்கியெடுத்து பிளேடால் பிசிறு சீவி நிறுத்தினால் பட்டாளம் ஆயிற்று. துப்பாக்கி உடைந்த ஐந்து பேருக்குக் கறுப்பு மை பூசினோம். அவர்கள் கலகக்காரர்கள். நாங்கள் அவர்களை ஒளியான்கள் என்போம். ஆறு சோப்பு டப்பாக்களைக் கவிழ்த்து, முதுகில் நம்பர் போட்டு, வரிசையாக வைத்தால் கிராமம். ஊர்ஜனம் என்று விதியில் இருந்தது. அதற்குச் சிப்பாய் வீணாக்குவானேன் என்று பழைய சட்டைகளிலிருந்து பட்டன்களை அறுத்து வைத்துக்கொண்டோம். அப்பா பெட்டிப் பலகையில் அடித்துக்கொடுத்த மேஜைதான் எங்களுக்குப் படிக்கிற இடம், சாப்பிடுகிற இடம், யுத்தகளம் எல்லாம்.

விதிகளைக் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்த காரியம் புரியாது. பட்டாளம் மேஜையில் வெளிப்படையாக நிற்கும். ஸ்கேல் வைத்து, முறைக்கு நாலு அங்குலம் நகரும். ஒளியான்கள் பிடிபடும் வரை மேஜையிலேயே இருக்க மாட்டார்கள். அவர்களை ஆடுகிறவன், தன் ஆட்கள் எத்தனையாம் நம்பர் வீட்டில் இருக்கிறார்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, மடித்து, எவர்சில்வர் டம்ளருக்கு அடியில் வைக்க வேண்டும். அதன் பிறகு பட்டாளக்காரன், தன் சிப்பாய்கள் நெருங்கிவிட்ட ஏதாவது ஒரு வீட்டைத் தொடலாம், தொடாமலும் விடலாம். தொட்டால் டம்ளரைத் தூக்கிச் சீட்டைப் பிரிக்க வேண்டும். தொட்ட வீடும் சீட்டில் இருக்கும் வீடும் ஒன்றாக இருந்தால் ஒளியான்கள் மாட்டிக்கொண்டார்கள், பட்டாளம் ஜெயித்தது. வேறு வீடாக இருந்தால், தொட்ட வீட்டில் இருந்தவர்கள் ஊர்ஜனம். பட்டாளத்துக்கு ஒரு பாயிண்ட் குறையும், அதற்குக் கணக்காக ஒரு பட்டனைத் தன் பக்கம் எடுத்து வைக்க வேண்டும். அதோடு ஒளியான்கள் பின்னாலிருந்து சுடுவார்கள், பகடையில் விழுகிற எண்ணுக்கு அத்தனை சிப்பாய்களைச் சாய்த்து வைக்க வேண்டும். அடுத்த முறை ஒளியான்கள் பக்கத்து வீட்டுக்கு நகரலாம், அதற்கு மேல் முடியாது. பத்து முறைக்குள் பிடிக்காவிட்டால் பட்டாளம் தோற்றது.

சீட்டை யார் எடுத்துப் பிரிப்பது என்பது எலி தின்ற பக்கத்தில் போய்விட்டது. எழுதியவனே எடுத்துப் பிரித்துக் காட்ட வேண்டும், அடுத்தவன் சீட்டில் கை வைக்கக் கூடாது என்று அண்ணன் எழுதினான். ஏமாற்றினால் என்ன செய்வது என்று நான் கேட்டேன், அப்போது எனக்குப் பன்னிரண்டு வயதுகூட ஆகியிருக்காது. அப்படிச் சந்தேகப்பட்டால் எதற்கு எதிரில் உட்கார வேண்டும் என்றான். அவன் அப்படிப்பட்ட ஆள். ரயிலில் பட்டரவாக்கம் வரைக்கும் போகிறதற்குக்கூட வரிசையில் நின்று டிக்கெட் எடுப்பான். கூட நிற்கும் எனக்கு எரிச்சலாக இருக்கும்.

அவன் எப்போதும் பட்டாளம், நான் எப்போதும் ஒளியான். ஞாயிறு மத்தியானங்களில் ஏழெட்டு வருஷம் ஆடினோம். மீசை முளைத்த பிறகும் விடவில்லை. எதிர்வீட்டுப் பையன்கள் கிரிக்கெட் மட்டையோடு ஜன்னலில் எட்டிப் பார்த்து, இன்னுமா சொப்பு விளையாடுகிறீர்கள் என்று கிண்டல் செய்வார்கள். அண்ணன் தலையை நிமிர்த்தாமல் ஸ்கேலை வைத்து அளந்துகொண்டிருப்பான். பத்து ஆட்டத்தில் ஏழு அவன்தான் ஜெயிப்பான். சீட்டில் நான் எழுதுவதற்கு முன்பே என் முகத்தில் படித்துவிடுவானோ என்று தோன்றும். உண்மையில் அவன் கணக்குப் போட்டான், நான் குருட்டாம்போக்கில் எழுதினேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்பாவின் காரியம் முடிந்ததும் அம்மா ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள்: வேலை பெரியவனுக்கு. ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணன் ஐ.டி.ஐ. முடித்தவன், கையில் தொழில் இருக்கிறது, அம்பத்தூர் எஸ்டேட்டில் எந்த கேட்டில் போய் நின்றாலும் எடுத்துக்கொள்வார்கள். நான் பிளஸ் டூவில் இரண்டு முறை கோட்டை விட்டவன். எனக்கு இந்த வேலையை விட்டால் என்ன கதி என்று வந்தவர் போனவரிடமெல்லாம் புலம்பினேன். நாலு நாள் வீட்டில் சாப்பிடாமல் முறுக்கிக்கொண்டு திரிந்தேன். ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் பரோட்டா தின்றுவிட்டு வந்துதான் பட்டினி கிடந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அம்மா அழுதாள். அண்ணன் ஐந்தாம் நாள் என்னை மேஜைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தான்.

"எனக்கும் அந்த வேலை வேணும்டா. பொய் சொல்ல மாட்டேன். ஆனா அம்மா சொல்லிச்சின்னு நான் எடுத்துகினா நீ சாவற வரைக்கும் என்னை ஒரு மாரி பாப்ப. மேசைல வெச்சிக்கலாம். ஒரே ஆட்டம். தோத்தவன் கையெழுத்து போட்டுட்டு வேற வழி பாத்துக்கணும்."

நான் சரி என்றேன். என்னைவிட அவன் நன்றாக ஆடுவான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அப்படியிருந்தும் அவன் அதை நியாயம் என்று நினைத்ததுதான் எனக்குக் கோபம். தனக்குச் சாதகமான இடத்தில் நின்றுகொண்டு பெருந்தன்மை காட்டுகிறான் என்று பட்டது. இன்று யோசித்தால் அவனுக்கு அப்படி ஒரு எண்ணமே வந்திருக்காது. எங்களுக்குள் பொதுவாக இருந்தது அந்த மேஜை ஒன்றுதான், அதனால் அதைச் சொன்னான்.

அடுத்த ஞாயிறு அம்மா அயனம்பாக்கத்தில் அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். மத்தியானம் கரண்ட் இல்லை. மேஜையை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு ஆரம்பித்தோம். நான் அரைக்கைச் சட்டைதான் போட்டிருந்தேன், சீட்டை மறைக்க முழுக்கைச் சட்டைக்கெல்லாம் தேவையே இருக்கவில்லை. சின்னச் சீட்டு, நாலாக மடித்தால் சுண்டுவிரல் நகத்தளவு வரும். ஆட்டத்துக்கு முன்பே நான் எதுவும் திட்டமிடவில்லை. இதைச் சொல்வதால் என் குற்றம் குறையாது என்று தெரியும். உள்ளது உள்ளபடி இருக்கட்டும் என்று சொல்கிறேன்.

எட்டாம் முறை வரை எனக்கு அதிர்ஷ்டம். அவனுடைய ஐந்து சிப்பாய்கள் சாய்ந்து கிடந்தார்கள். மூன்று பட்டன்கள் அவன் பக்கத்தில் இருந்தன, மூன்று பாயிண்ட் போயிருந்தது. ஒன்பதாம் முறை அவன் ஆறாம் நம்பர் வீட்டைத் தொட்டான், என் ஆட்கள் நாலில் இருந்தார்கள். நாலு என்று தெரிந்துவிட்டது. கடைசி முறைக்கு நான் மூன்றுக்கோ ஐந்துக்கோ போகலாம், அல்லது நாலிலேயே இருக்கலாம். அவன் நாலின் வாசலுக்கு நேராக இரண்டு பேரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டான், அதனால் அங்கே இருப்பது தற்கொலை. மூன்றா, ஐந்தா. நான் முதலில் மூன்று என்று எழுதினேன். மடித்த பிறகு மனசு கேட்கவில்லை. அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு இன்னொரு சீட்டில் ஐந்து என்று எழுதி, டம்ளருக்கு அடியில் வைத்தேன். வேண்டாத சீட்டைக் கசக்கிப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. விரலிடுக்கில் இருந்தது.

அண்ணன் வெகுநேரம் யோசித்தான். நெற்றியில் வியர்வை ஓடி மூக்கு நுனியில் நின்றது, துடைக்கவில்லை. இந்த வேலை அவனுக்கு எவ்வளவு வேண்டும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு கையை நீட்டி ஐந்தாம் நம்பர் வீட்டைத் தொட்டான்.

இடது கையால் டம்ளரைத் தூக்கினேன். வலது கையால் சீட்டை எடுத்தேன். எடுத்தது ஐந்து, பிரித்துக் காட்டியது மூன்று. ஒரு நொடி வேலை. அவன் அந்த நொடியில் என் கையைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று என்பதைப் பார்த்ததும் கண்ணை மூடித் திறந்தான். இன்னொரு பட்டனை எடுத்துத் தன் பக்கம் வைத்தான். விதிப்படி நான் சுட வேண்டும் என்று பகடையை என்னிடம் தள்ளினான். தேவையில்லை என்றேன். ஆடி முடி என்றான். உருட்டினேன், நாலு விழுந்தது, நாலு பேரை அவனே சாய்த்தான். நன்றாக ஆடினாய் என்று சொல்லிக் கையைக் கொடுத்தான். அந்தக் கையைப் பிடிப்பதற்காக இரண்டு சீட்டையும் நான் வேட்டி மடிப்பில் செருக வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை கிளார்க் முன்னால் கையெழுத்துப் போட்டான். நல்லா யோசித்துத்தான் போடுகிறாயா என்று கிளார்க் இரண்டு முறை கேட்டார். அம்மாவுக்கு விஷயம் தெரிந்து, பொம்மையை வைத்து வேலையை முடிவு செய்கிற பிள்ளைகளைப் பெற்றேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள். திட்டெல்லாம் அவனுக்குத்தான். நான் காக்கி பேண்ட் தைக்க அளவு கொடுக்கப் போயிருந்தேன்.

அவனுக்கு எந்த கேட்டிலும் வேலை காத்திருக்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் பாதிக் கம்பெனிகளில் ஸ்டிரைக், மீதியில் கதவடைப்பு. காண்ட்ராக்டில் மூன்று மாதம் இங்கே, இரண்டு மாதம் அங்கே என்று ஒரு வருஷம் சைக்கிள் மிதித்தான். நான் அப்பாவின் மேஜையில் அப்பாவின் கத்தியால் பச்சைத் துணியை அடுக்கி வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற இடத்துக்குப் போனவன், ஓடி, மார்பு காட்டி, தேறிவிட்டு வந்தான். அம்மா காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். ஆவடி ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட நான்தான் போனேன். என் முகம் எப்படி இருந்ததோ, அவனே சமாதானம் சொன்னான்.

"ஏன்டா மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீற? தோத்தவன் வேற வழி பாத்துக்கணும்னு சொன்னது நான்தான். அம்மாவ பாத்துக்கோ."

பயிற்சி முடிந்து வடக்கே எங்கோ இருந்தான். பிறகு அவனைக் கடலுக்கு அந்தப் பக்கம் அனுப்பினார்கள். அமைதி காக்கப் போகிறார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். கொஞ்ச நாளில் சொல்வது மாறிவிட்டது. மார்க்கெட் முனையில் கூட்டம் போட்டுப் பேசினார்கள். தமிழனைச் சுடப் போன பட்டாளம் என்று ஒருவர் கிழித்துத் தோரணம் கட்டினார். நான் ஷிப்ட் முடிந்து, விரலில் பச்சைச் சாயம் போகாமல், அந்தக் கூட்டத்தில் நின்று கை தட்டினேன். காலையில் அவர்களுக்குச் சட்டை வெட்டுவது, சாயங்காலம் அவர்களைத் திட்டுகிறவனுக்குக் கை தட்டுவது. எனக்கு இரண்டும் பொருந்தித்தான் இருந்தன. அண்ணனிடமிருந்து மாதம் ஒரு இன்லண்ட் லெட்டர் வரும். நலம், நலமறிய ஆவல், மழை அதிகம், அம்மா மருந்து சாப்பிடுகிறாளா. அதற்கு மேல் ஒரு வரி இருக்காது.

பட்டாளம் திரும்பி வந்தபோது இந்தப் பக்கம் யாரும் மாலையோடு நிற்கவில்லை. அண்ணன் லீவில், ஒரு டிரங்குப் பெட்டியோடு ஸ்டேஷனிலிருந்து தனியாக நடந்து வந்தான். கை கால் முழுசாக இருந்தது, அம்மா அதற்கே திருஷ்டி சுற்றிப் போட்டாள். டீக்கடைக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். சின்ன வயசிலிருந்து எங்களைத் தெரிந்த கடைக்காரர், எத்தனை பேரை அண்ணாத்தே என்று கேட்டார், விளையாட்டுக்குத்தான் கேட்டேன் என்று உடனே சொன்னார். அண்ணன் டீயை முழுசாகக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தான். அதற்கப்புறம் அந்தக் கடைக்குப் போகவில்லை. நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்திருந்தான். யாராவது கதவைத் தட்டினால் எழுந்து போய்த் திறக்க மாட்டான், அம்மாவைத் திறக்கச் சொல்வான்.

அவனைப் பேச வைக்க எனக்கு ஒரு அருமையான யோசனை தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை காலை, பரணிலிருந்து அந்தப் பெட்டியை இறக்கி, தூசி தட்டி, சோப்பு டப்பாக்களை வரிசையாக மேஜையில் கவிழ்த்தேன். இதைவிட மடத்தனமான காரியத்தை ஒரு தம்பி செய்ய முடியாது. அம்மா சமையற்கட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அண்ணன் வந்து எதிரில் உட்கார்ந்தான். நான் பயந்தபடி கோபப்படவில்லை. ஒரு சிப்பாயை எடுத்து அதன் பிசிறை நகத்தால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, கேட்காமலே பேசினான்.

நாம் எழுதிய விதியெல்லாம் சரிதான் என்றான். அங்கேயும் அப்படித்தான், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தொட்ட பிறகுதான் தெரியும். அவனுடைய கூட்டத்தில் மற்றவர்கள் எல்லாம் வடக்கத்திக்காரர்கள், தமிழ் தெரிந்தவன் இவன் ஒருவன்தான். அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் இவனைத்தான் முன்னால் விடுவார்கள். இவன் வாசலில் நின்று, வெளியே வாங்க, ஒன்றும் செய்ய மாட்டோம் என்று தமிழில் கூப்பிட வேண்டும். பட்டாளத்து உடுப்புக்குள்ளிருந்து தமிழ் வருவதைக் கேட்டு உள்ளே இருக்கிறவர்கள் முதலில் நம்ப மாட்டார்கள். இரண்டாவது முறை கூப்பிட்டால் நம்புவார்கள். ஒரு வீட்டில் அப்படி நம்பி வெளியே வந்தார்கள், ஒரு பெரியவர், அவர் மகள் போல ஒரு பெண், அவள் இடுப்பில் ஒரு குழந்தை. அதே நேரத்தில் பின்னாலிருந்து எங்கிருந்தோ வெடிச்சத்தம் கேட்டது. இவன் பக்கத்து ஆட்கள் எல்லாப் பக்கமும் சுட்டார்கள்.

சொல்லிக்கொண்டு வந்தவன் அங்கே நின்றுவிட்டான். நான் அப்புறம் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அப்புறம் இன்னா. ஒரு பாயிண்ட் கொறைஞ்சிது."

பெட்டியிலிருந்து ஒரு பட்டனை எடுத்து மேஜையில் வைத்தான். குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. அந்த வாசலில் நின்றிருக்க வேண்டியவன் நான். அல்லது இரண்டு பேருமே நின்றிருக்க வேண்டாம், அவன் துணி வெட்டிக்கொண்டிருப்பான், நான் எங்காவது மூட்டை தூக்கிக்கொண்டிருப்பேன். ஐந்து வருஷமாக நெஞ்சில் கிடந்தது வாய்க்கு வந்துவிட்டது. இவ்வளவு பட்டவனிடம் இனியும் மறைப்பது பாவம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"அண்ணே, அன்னிக்கி நீ அஞ்சாம் நம்பர் ஊட்டத் தொட்ட இல்ல. என் ஆளுங்க அங்கதான் இருந்தாங்க. நீதான் ஜெயிச்ச. நான் சீட்ட மாத்திட்டேன்."

அவன் என்னைப் பார்க்கவில்லை. ஐந்தாம் நம்பர் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன், அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது. உள்ளே அம்மா சட்டியில் எண்ணெய் ஊற்றுகிற சத்தம் கேட்டது. இதை ஏன் இப்போது சொல்கிறாய் என்று கேட்டான். மனசு தாங்கவில்லை என்றேன். மனசு தாங்கவில்லை என்பதை அவன் ஒரு முறை திருப்பிச் சொன்னான், வேறு பாஷையில் யாரோ சொன்னதைச் சொல்லிப் பார்ப்பவனைப் போல.

"அங்க ஒவ்வொரு ஊட்டு வாசல்லயும் நிக்கும்போது எங்கைல ஒண்ணே ஒண்ணு இருந்துது. நேர்மையா ஆடுனேன், தோத்தேன், அதனால வந்து நிக்கிறேன். யாரும் என்னை ஏமாத்தல. அத நெனச்சிகினுதான் நின்னேன். அந்தப் பெரியவரு வெளிய வந்தாரே, அன்னிக்கிம் அத நெனச்சிகினுதான் சாப்ட்டேன், தூங்குனேன். அதையும் எடுத்துகினியேடா."

அவ்வளவுதான் சொன்னான். சிப்பாய்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் வைத்து மூடினான். மத்தியானம் அம்மா போட்ட மீன் குழம்பைச் சாப்பிட்டான், நன்றாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னான். லீவு இன்னும் இருபது நாள் பாக்கி இருந்தது.

அதன் பிறகு அவன் எங்கள் வீட்டில் தங்கியதில்லை. பட்டாளத்தில் வருஷம் முடித்து வந்து, அம்பத்தூரில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாகச் சேர்ந்து, திருவேற்காடு பக்கம் வாடகைக்கு வீடு பிடித்துக்கொண்டான். பொங்கலுக்கு அம்மாவுக்குப் புடவை எடுத்துக்கொண்டு வருவான், கொடுத்துவிட்டுப் போய்விடுவான். அம்மா செத்தபோது மூத்தவனாகக் கொள்ளி வைத்தான், பதினாறாம் நாள் வரை எல்லாச் சடங்கும் முறையாகச் செய்தான். என்னிடம் பந்தல்காரன் வந்தானா, ஐயருக்குச் சொல்லியாயிற்றா என்பதற்கு மேல் பேசவில்லை. அப்பன் வேலையையும் பிடுங்கிக்கொண்டு அண்ணனையும் துரத்திவிட்டான் என்று சொந்தக்காரர்கள் என் காதுபடவே பேசுவார்கள். அவர்களுக்கு விவரம் எதுவும் தெரியாது, ஆனால் சொல்வது சரிதான்.

ஏமாற்றியதற்காக அவன் என்னை மன்னித்திருப்பான் என்று நினைக்கிறேன். அவன் அப்படிப்பட்டவன்தான். சொன்னதை மன்னிக்கவில்லை. அதை நானும் கேட்கப் போவதில்லை. பாரம் இறங்கட்டும் என்று சொன்னேன், எனக்கு இறங்கியும் விட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை, ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக, நான் படுத்த உடனே தூங்கிப்போனேன். காலையில் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று அம்மா உலுக்கித்தான் எழுந்தேன். அண்ணன் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எப்போதோ போய்விட்டிருந்தான்.